புதுப் பண்டகசாலையின் புழுதி

துப்புரவு என்னும் சொல் தமிழில் நெடுந்தூரம் நடந்து வந்த சொல். திருக்குறளில் அதற்கு நுகரப்படுவன என்பதே பொருள். உண்பனவும் உடுப்பனவும் முதலாக மனிதர் துய்க்கும் யாவும் துப்புரவு. இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவன விளக்குமாறும் வாளியுமே. துய்க்கும் பண்டத்தைக் குறித்த சொல் எவ்வழியாகச் சுத்தத்தைக் குறிக்க வந்தது என்பது தனியே ஆராய்தற்குரியது. ஆயினும் பழைய பொருளும் புதிய பொருளும் ஒருங்கே வாய்க்கும் இடம் ஒன்று உண்டு. அது பண்டகசாலை. அங்கே வைக்கப்படுவதும் துப்புரவு; வைப்பதற்கு முன்னர்ச் செய்யப்படுவதும் துப்புரவு.

இத்தொழிலுக்கு நம்மவர் இட்ட பிற பெயர்களும் நினைக்கத்தக்கன. குப்பையைப் போக்குவதை நாம் கூட்டுதல் என்கிறோம். தமிழ்நாட்டார் பெருக்குதல் என்பர். செய்வது கழித்தல், சொல்வது கூட்டலும் பெருக்கலும். சுடுகாட்டை நன்காடு என்னும் மங்கல வழக்கோடு இதனையும் வைத்து எண்ணலாம் என்று எனக்குத் தோன்றும். திருக்கோயிலைக் கூட்டுவதற்கு அலகிடுதல் என்று பெயர். செய்யுளைச் சீரும் அசையுமாகப் பிரித்துக் கணக்கிடுவதற்கும் அதுவே பெயர். பண்டித வகுப்பிலே பின்னையதை மாத்திரம் கற்பித்து முன்னையதை மறந்திருக்கிறோம்.

இவையெல்லாம் என் சிந்தைக்கு வரக் காரணமாயிருந்தது எட்டுப் பக்கமுள்ள ஒரு கைந்நூல். என்னிடம் முன்னர்ப் படித்த மாணவர் ஒருவர் இப்பொழுது கொழும்பிலே ஒரு துப்புரவு நிறுவனத்தில் மேற்பார்வையாளராய் இருக்கிறார். அலுவலகங்களை நாள்தோறும் கூட்டித் துடைக்கும் நிறுவனமன்று அது. புதிதாகக் கட்டி முடிந்த பண்டகசாலைகளையும் தொழிற்சாலைகளையும் திறப்பு விழாவுக்கு முன்னர் ஒருமுறை முற்றாகத் துப்புரவு செய்து ஒப்படைப்பதே அதன் தொழில். சென்ற ஆண்டு ஒரு விடுமுறை நாளில் அவர் அந்தக் கைந்நூலோடு என் வீட்டுக்கு வந்தார்.

“ஐயா, இந்தத் தமிழை ஒருக்கால் பார்த்துத் தரவேணும்.”

“ஏன் தம்பி, தமிழாகத்தானே இருக்கிறது?”

“தமிழ்தான் ஐயா. என்னுடைய ஆட்களுக்கு விளங்குதில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் விளங்குதில்லை.”

ஆங்கிலத்தில் இருந்த பாதுகாப்பு விதிகளை யாரோ தமிழாக்கியிருந்தார். மேற்பார்வையாளர் வேண்டியது, அதனைச் சுருக்கி வேலைத்தலத்துச் சுவரில் ஒட்டக்கூடிய ஒரு பக்கத் தாளாக்கித் தருதல்.

அப்போது எம்மோடு திண்ணையில் இருந்த சக ஆசிரியர் ஒருவர், “புதுக் கட்டடத்துக்கு என்ன துப்புரவு? நேற்றுத்தானே கட்டினார்கள். அழுக்குப்பட நாள் ஏது?” என்றார். படித்தவர்களும் இப்படித்தான் நினைக்கிறோம். கட்டடம் எழும்பும் காலமே அது மிகவும் அழுக்குப்படும் காலம் என்பது நம் கருத்துக்கு எட்டுவதில்லை. கல் வெட்டும்போதும், கொங்கிறீற்றைத் தேய்க்கும்போதும், இரும்பை ஒட்டும்போதும், நிறப்பூச்சை விசிறும்போதும் அக்கட்டடமே ஓர் அழுக்கு ஆலையாக இருக்கிறது. அந்த ஆலையின் விளைச்சல் அத்தனையும் கட்டடத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

அடுத்த சனிக்கிழமை மாணவர் என்னை ஒரு பண்டகசாலைக்கு அழைத்துச் சென்றார். கோயில் மண்டபங்கள் மூன்று நான்கை ஒன்றாகச் சேர்த்தாற் போன்ற அகலம். அண்ணாந்து பார்த்தால் இரும்பு உத்திரங்கள். தரை எனக்குச் சுத்தமாகவே தோன்றியது. மாணவர் ஒரு கறுப்புத் துணியை எடுத்து நிலத்தில் ஒரு முழத்துக்கு இழுத்தார். துணி திருநீறு பூசிக்கொண்டது. பிறகு கூரையின் ஒளித்தகட்டினூடே சரிந்து விழுந்த வெயிற்கற்றையைக் காட்டினார். அதற்குள்ளே கோடி துகள்கள் மிதந்தன. நாங்கள் நடந்து வந்ததனால் எழும்பியவை அவை.

அந்தத் தூள் என்ன என்பதை அறிந்தாலன்றி அதனை எப்படிப் போக்குவது என்பது விளங்காது. சீமெந்து அதில் உண்டு. மணலும் கருங்கல்லும் பொடியாகிய தூளும் உண்டு. மணலில் பெரும்பங்கு குவாட்சு என்னும் கனிப்பொருள்; கருங்கல்லிலும் அது உண்டு. பளிங்கு வடிவமுள்ள சிலிக்கா என்று அதனைச் சொல்வர். கொங்கிறீற்றை வெட்டும்போதும் துளைக்கும்போதும் தேய்க்கும்போதும் இந்தச் சிலிக்கா மிக நுண்ணிய பொடியாகின்றது. பருத்த துகள் மூக்கிலும் தொண்டையிலும் தடைப்பட்டுச் சளியோடு வெளியே வந்துவிடும். ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பகுத்தால் அதில் நான்கு ஐந்து பங்கு அளவேயான துகளைத் தடுக்கும் வாயில் நம் உடம்பில் இல்லை. அது நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை சென்று தங்குகிறது. தங்கிய இடம் தழும்பேறி இறுகுகிறது. அதுவே சிலிக்கோசிசு என்னும் நோய். தழும்பேறிய நுரையீரலைப் பழைய நிலைக்கு மீட்கும் மருந்து இல்லை. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவரகம் 1997 இல் இத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பனவற்றின் முதல் வரிசையில் வைத்தது.

இனிக் கைந்நூலுக்கு வருகிறேன். இந்த நுண்டூளை ஆங்கிலத்தில் ஒரு பெயரால் அழைப்பார்கள். நுரையீரலின் ஆழம் வரை மூச்சோடு செல்லக்கூடிய அளவினது என்பது அதன் கருத்து. நமது மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் புரட்டி அதனைச் “சுவாசிக்கத்தக்க சிலிக்கா” என்று எழுதிவிட்டார். தக்க என்ற சொல் தமிழில் என்ன செய்யும் என்பதை மாணவர் அறிவர். உண்ணத்தக்க கனி என்றால் உண்பதற்கு நல்ல கனி. அருந்தத்தக்க நீர் என்றால் அருந்துவதற்கு உகந்த நீர். சுவாசிக்கத்தக்க சிலிக்கா என்றால்? கொல்லும் தூளுக்கு நற்சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்த மாதிரி. சொல்லாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணும் நண்பர்கள் எனக்குச் சிலர் உண்டு. அவர்களுக்கு இந்த ஒரு தொடரையே காட்டுவேன்.

அடுத்த விதி இன்னும் வேடிக்கையானது. “உலர் பெருக்கல் தவிர்க்கப்படல் வேண்டும்” என்றிருந்தது. நம் நாட்டுப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரையாவது படித்தவருக்குப் பெருக்கல் என்றால் வாய்பாடு. உலர்ந்த பெருக்கல், நனைந்த பெருக்கல் என்று கணிதத்தில் வகை உண்டோ என்று அவர் திகைப்பார். தவிர்க்கப்படல் வேண்டும் என்பதோ ஆளில்லாத வாக்கியம். யார் தவிர்ப்பது? விளக்குமாற்றைக் கையில் வைத்திருப்பவர் தம்மை நோக்கித்தான் இது சொல்லப்படுகிறது என்று அறிவதற்கு வழியே இல்லை. “காய்ந்த தூசைக் கூட்டாதீர்கள்” என்று எழுதினேன். மூன்று சொற்கள்.

அந்த மூன்று சொற்களில் இத்தொழிலின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. விளக்குமாறு பருத்த குப்பையை முன்னே தள்ளும். நுண்ணிய தூளை மேலே எழுப்பும். எழுந்த தூள் காற்றில் மணிக்கணக்காக நிற்கும். கூட்டி முடித்துக் களைத்து உட்காரும்போது, கூட்டியவர் இழுக்கும் நெடுமூச்சிலும் அது இருக்கும். ஐக்கிய அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆட்சியகம் 2016 இல் விதித்த எல்லை, எட்டு மணித்தியாலச் சராசரியில் ஒரு கனமீற்றர் காற்றுக்கு 50 மைக்கிரோகிராம் சிலிக்கா. எண் பெரிதாகத் தோன்றினாலும் அளவு மிகச் சிறிது. பத்து மீற்றர் நீளமும் பத்து மீற்றர் அகலமும் பத்து மீற்றர் உயரமும் உள்ள ஒரு மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் காற்று முழுவதையும் அந்த எல்லைக்குக் கொண்டுவர 50 மில்லிகிராம் தூள் போதும். இரண்டு மூன்று அரிசிமணியின் நிறை அது. ஒரு விளக்குமாறு ஒரு வீச்சில் எழுப்புவது எவ்வளவு என்று வாசகரே கணக்கிடலாம். அதனாலேதான் அந்த விதி, ஈரப்படுத்திக் கூட்டுதலோ தகுந்த வடிகட்டியுள்ள இயந்திரத்தால் உறிஞ்சுதலோ இயலும் இடத்தில் காய்ந்தபடி கூட்டுவதை விலக்குகிறது. சாதாரண உறிஞ்சு இயந்திரம் ஆகாது. முன்பக்கத்தால் இழுத்த நுண்டூளைப் பின்பக்கத்தால் ஊதிவிடும். ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் மூன்று பங்கே அளவான துகளிலும் நூற்றுக்கு 99.97 பங்கைப் பிடிக்கும் வடிகட்டி வேண்டும். முகத்தைச் சுற்றிச் சேலைத் தலைப்பைக் கட்டுவது மனத்துக்கு ஆறுதலேயன்றி நெஞ்சுக்குக் காவலன்று.

ஈரப்படுத்துக என்றவுடன் குழாய் கொண்டு வெள்ளம் பாய்ச்சிவிடலாம் என்றும் நினைக்கலாகாது. தூளிலே வேகாத சீமெந்து உண்டு. நீர் பட்டால் அது குழம்பாகி, தரையிலும் வடிகாலிலும் கல்லாக இறுகிவிடும். அக்குழம்பு கடுங்காரம், கையையும் காலையும் புண்ணாக்கும். பனித்துளி போலத் தெளித்து, கட்டியாகத் திரளும் முன் அள்ளிவிட வேண்டும்.

வேலையின் வரிசை மேலிருந்து கீழ். உத்திரம், குழாய், விளக்கு, சுவர், தட்டு, பிறகு தரை. தரையை முதலில் துடைத்தவர் இரண்டாம் முறையும் துடைப்பார். உத்திரத்தின் மேற்புறம் ஒருவர் கண்ணுக்கும் படாத இடம். ஆகையால் அதுவே பெரும்பாலும் விடுபடும் இடம். பண்டங்கள் வந்து அடுக்கிய பிறகு முதற் பெருங்காற்றில் அந்தத் தூள் அவற்றின்மேல் இறங்கும். ஆணியும் திருகாணியும் பொறுக்குவதற்குச் சில்லுப் பூட்டிய காந்தத்தைத் தரைமேல் உருட்டுகிறார்கள். சிறுபிள்ளைகள் கண்டால் விடமாட்டார்கள். தீயணைக்கும் நீர்த்தூவி முனைகளில் நிறப்பூச்சுப் பட்டிருந்தால் சுரண்டலாகாது. முனையையே மாற்ற வேண்டும். புகையுணர்த்திகளுக்குக் கட்டட வேலைக் காலத்தில் இட்டிருந்த மூடிகளைக் கழற்ற மறக்கலாகாது. மறந்தால் தூய்மையாகத் துலங்கும் அக்கருவி புகையை அறியாமல் உறங்கும்.

சில தரைகள் எத்தனை முறை துடைத்தாலும் தூள் சொரிந்துகொண்டே இருக்கும். அது துடைப்பவர் குற்றமன்று. கொங்கிறீற்றில் நீர் மிகுந்ததனாலோ, மேலே நீர் கசிந்து நிற்கும்போதே மட்டப்பலகை போட்டதனாலோ மேற்படை வலியற்றுப் போயிருக்கும். சிலிக்கேற்றுத் திரவம் பூசி அதனை இறுக்குவார்கள். வேறு சில தரைகளில் வெள்ளைப் படிவு பூக்கும்; உள்ளிருந்த சுண்ணாம்பு நீரோடு மேலே வந்து காற்றின் காபனீரொட்சைட்டோடு சேர்ந்து உண்டாவது அது. அதனைப் போக்க ஐதான ஐதரோக்குளோரிக்கமிலம் இடுவதுண்டு.

அமிலத்தைப் பற்றிக் கைந்நூல் சொன்ன விதி இது: “அமில நீர்ச் சேர்க்கை கவனமாகச் செய்யப்படல் வேண்டும்.” இலக்கண ஆசிரியர் ஒருவர் இதனைப் படித்தால் அவருக்கு வியர்க்கும். அமில நீர் என்பது தொகை. எதனை எதனில் சேர்ப்பது என்று காட்டும் உருபுகள் அதிலே தொக்கு மறைந்துவிட்டன. செறிந்த அமிலத்தில் நீரை ஊற்றினால் சூடேறித் தெறிக்கும், கண் போகும். நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றுவதே முறை. இரண்டாம் வேற்றுமை உருபும் ஏழாம் வேற்றுமை உருபும் இடம் மாறினால் ஒருவர் குருடராவார். தொகைநிலை செய்யுளுக்கு அழகு. அமிலப் போத்தலுக்கு ஆகாது. “நீரில் அமிலத்தை ஊற்றுங்கள். அமிலத்தில் நீரை ஊற்றாதீர்கள்” என்று இருமுகமாகவும் எழுதினேன். “அமிலத்தோடு வெளிற்றும் தூளை ஒருபோதும் சேர்க்காதீர்கள்” என்பதையும் அதன் கீழே வைத்தேன். இரண்டும் சேர்ந்தால் குளோரீன் வாயு எழும். மலசலகூடத்தைக் கழுவ வந்தவர் இரண்டு போத்தலையும் ஒரே வாளியில் கவிழ்ப்பது எளிதில் நடக்கக்கூடியது.

உண்பொருள் வைக்கும் பண்டகசாலைக்கு வேறு சில கவலைகளும் உண்டு. நெற்களத்தைச் சாணமிட்டு மெழுகி வெடிப்பு அடைத்த பின்னரே நம் முன்னோர் கதிரை இறக்கினர். வெடிப்பிலே மணி தங்கும். மணி தங்கினால் வண்டு தங்கும். கப்ரா வண்டின் புழு உணவின்றியும் சுவரிடுக்கில் ஆண்டுக்கணக்காக உறங்கிக் கிடக்க வல்லது. ஆகையால் மூட்டுகளை அடைப்பதும் துப்புரவின் பாற்பட்டதே. தேயிலை வைக்கும் இடமானால் கவலை மணத்தைப் பற்றியது. தேயிலை அயலில் உள்ள மணத்தையும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். புது நிறப்பூச்சின் நெடியும், மாதக்கணக்காகக் கொங்கிறீற்றிலிருந்து வெளியேறும் ஈரமும் போகுமட்டும் கதவைத் திறந்து வைத்துக் காத்திருத்தலே அங்கே செய்ய வேண்டிய வேலை. காத்திருத்தலுக்கு யாரும் பணம் கொடுப்பதில்லை.

கைந்நூலின் கடைசிப் பகுதி குழாய்களைப் பற்றியது. தொழிற்சாலையானால் தரையும் சுவரும் மாத்திரம் துப்புரவானால் போதாது. உள்ளே ஓடும் குழாய்களிலும் ஒட்டிரும்புக் கசடும் துருவும் மணலும் கிடக்கும். புதுக்கிணறு வெட்டினால் முதல் நீரை யாரும் குடிப்பதில்லை. கலங்கல் தெளியும்வரை இறைத்துக் கொட்டிய பிறகே குடத்தை வைப்பார்கள். குழாய்க்கும் அதுவே நியாயம். புதிய குடிநீர்க் குழாயில் லீற்றருக்கு 25 மில்லிகிராம் குளோரீன் கலந்த நீரை 24 மணித்தியாலம் நிறுத்தி, முடிவில் 10 மில்லிகிராமேனும் எஞ்சி நிற்கிறதா என்று பார்ப்பது ஒரு முறை. நீராவியால் இயங்கும் மின்நிலையத்திலோ, சுழலி முதன்முதல் ஓடுமுன்னர்க் குழாய்களுக்குள்ளே நீராவியைச் சீறிப் பாயவிடுவார்கள். வெளியேறும் வழியிலே துலக்கிய உலோகத் தகடு ஒன்றை வைப்பார்கள். நீராவியோடு வரும் துகள் ஒவ்வொன்றும் அதில் ஒரு வடுவைப் பதிக்கும். வடுவை எண்ணுவார்கள், தகட்டை மாற்றுவார்கள், மீண்டும் பாயவிடுவார்கள். வடுப்படாமல் தகடு வரும்போது குழாய் துப்புரவாயிற்று. இதைவிட நேர்மையான பரீட்சையை நான் பள்ளிக்கூடங்களிலும் கண்டதில்லை.

இந்தப் பகுதியில், எரிவாயுவைக் கொண்டு குழாயைத் துப்புரவு செய்யலாகாது என்று ஒரு வரி இருந்தது. எரிவாயுவைக் கொண்டு யாராவது கழுவுவார்களா என்று மாணவரைக் கேட்டேன். கழுவினார்கள் என்றார்.

2010ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 7ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. ஐக்கிய அமெரிக்காவிலே கனெக்ரிக்கட் மாநிலத்து மிடில்ரவுண் நகரில் 620 மெகாவாற்று மின்சாரம் பிறப்பிக்கவல்ல புதிய மின்நிலையம் ஒன்று முடியும் தறுவாயில் இருந்தது. கிளீன் எனேர்ஜி என்று அதற்குப் பெயர். தூய்மை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை ஓரெழுத்து மாற்றிச் சூட்டிய பெயர் அது. இயற்கைவாயுவைச் சுழலிக்குக் கொண்டுசெல்லும் குழாய்களில் கசடு இருந்தால் சுழலியின் அலகுகள் கெடும். ஆகவே அந்த இயற்கைவாயுவையே பேரமுக்கத்தோடு குழாய்களுக்குள் செலுத்திக் கசட்டை ஊதித் தள்ளினார்கள். வாயு கையருகே இருந்தது. வேறொன்றைக் கொண்டுவர வேண்டியதில்லை. ஊதிய வாயு, நிலத்திலிருந்து 20 அடிக்கும் குறைந்த உயரத்தில், கட்டடத்தின் பக்கத்திலேயே வெளியேறியது. கடைசிப் பத்து நிமிடத்தில் மாத்திரம் வெளியேறியது ஏறத்தாழ 4 இலட்சம் கனவடி. உள்ளே ஆட்கள் வேறு வேலைகளில் இருந்தார்கள். தீப்பொறிக்கு இடமான கருவிகளும் இருந்தன. முற்பகல் 11 மணி கடந்த சிறிது நேரத்தில் வாயு பற்றி வெடித்தது. 6 பேர் இறந்தனர். குறைந்தது 50 பேர் காயமுற்றனர்.

அந்த மின்நிலையம் அதுவரையில் ஒரு விளக்கையேனும் ஏற்றியிருக்கவில்லை. துப்புரவு செய்யும்போதே ஆறு உயிர் போயிற்று. அந்நாட்டு இரசாயனப் பாதுகாப்பு விசாரணைச் சபை அவ்வாண்டு யூன் மாதத்திலேயே அவசரப் பரிந்துரைகளை வெளியிட்டது. எரிவாயுவால் ஊதுவது இயல்பிலேயே ஆபத்தானது, அழுத்திய காற்றோ நைதரசனோ நீராவியோ அதே வேலையைச் செய்யும் என்பது அதன் முடிபு. குழாய்க்குள் இறுக்கமாகப் பொருந்தும் அடைப்பு ஒன்றைக் காற்றினால் தள்ளிச் செல்வதும் ஒரு வழி. அதற்குத் தொழிலாளர் இட்ட பெயர் பன்றி. சேற்றையும் கசட்டையும் உழுது செல்வதற்குப் பொருத்தமான உருவகந்தான். கனெக்ரிக்கட் மாநிலம் எரிவாயு ஊதுதலைத் தடைசெய்தது. எரிவாயுக் குழாய்களைத் துப்புரவாக்குவதற்கென்றே தேசிய தீப்பாதுகாப்புச் சங்கம் 2011 இல் தனி நியமம் ஒன்றை வெளியிட்டது. காற்றமுக்கி இயந்திரம் 2010க்கு முன்னரும் உலகில் இருந்த பொருள் என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

விதிகளைத் திருத்தி எழுதியபின் மாணவரிடம் கொடுத்தேன். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த மகிழ்ச்சி இல்லை. “தமிழ் நல்லாயிருக்கு ஐயா. ஆனால் நாள் வேணும்” என்றார். அவர் சொன்னதன் கருத்து இது. திறப்பு விழா நாளைக் குறிப்பவர் பஞ்சாங்கத்தைப் பார்க்கிறார்; பிரமுகரின் நாட்குறிப்பையும் பார்க்கிறார். அந்த நாள் பிறகு அசையாது. அத்திவாரம் போட்டவர் பிந்திய பத்து நாளும், கூரை போட்டவர் பிந்திய இரண்டு கிழமையும், நிறந்தீட்டியவர் பிந்திய நாலு நாளும் கடைசியில் நிற்பவர் தலையில் வந்து விழும். கடைசியில் நிற்பவர் துப்புரவாளர். நான் பார்த்த பண்டகசாலைக்கு ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது பன்னிரண்டு நாள், கிடைத்தது நாலு. நாலு நாளில் அவ்வளவு பெரிய தரையை முடிக்க ஒரே வழி, இரவிலே விளக்குப் போட்டு, ஆளைக் கூட்டி, காய்ந்த தூசைக் கூட்டுவது. முந்திய ஆண்டில் வேறோர் இடத்தில் இப்படிச் செய்ய மாட்டோம் என்று மாணவர் மறுத்திருக்கிறார். அந்த வேலை அன்று மாலையே இன்னொருவருக்குப் போய்விட்டது. அந்த இன்னொருவர் எப்படிச் செய்தார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

திறப்பு விழாக்கள் பலவற்றில் நான் வாழ்த்துரை வழங்கியிருக்கிறேன். நிறைகுடம், குத்துவிளக்கு, மேளம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். நன்றியுரையில் பொறியியலாளர் பெயர் வரும். கொந்தராத்துக்காரர் பெயர் வரும். மேசன்மார், தச்சர், பந்தல் போட்டவர் பெயரும் வரும். பிரமுகர் வெள்ளை வேட்டியோடு நடந்து வந்து வேட்டி வெள்ளையாகவே திரும்பிப் போவதற்குக் காரணமாயிருந்தவர்களை அங்கே குறிப்பிடக் கேட்டதில்லை. உழவாரப்படை ஏந்திய நாவுக்கரசரை நாம் கையெடுத்துக் கும்பிடுகிறோம். கோயிலைக் கூட்டுபவர் திருத்தொண்டர். பண்டகசாலையைக் கூட்டுபவர் பெயர்ப்பட்டியலில் ஓர் இலக்கம்.

தாளை அச்சுக்குக் கொடுக்குமுன்னர் வேலை செய்பவர்களிடம் ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். மதிய உணவு நேரத்தில் பண்டகசாலையின் வெளித்தாழ்வாரத்தில் இருபது பேர் வரையில் இருந்தார்கள். பெரும்பாலோர் மலைநாட்டிலிருந்து வந்தவர்கள். பாதிக்கு மேல் பெண்கள். பதினாலு வரியையும் வாசித்தேன். சுவாசிக்கத்தக்க சிலிக்கா இருந்த இடத்தில் “நெஞ்சுக்குள் இறங்கும் கல்லுத் தூசு” என்று எழுதியிருந்தேன். அதனை வாசித்ததும் ஒருவர் தம் நெஞ்சைத் தடவிக்கொண்டார். அமில வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். ஓர் இளைஞன் எது முதலில், எது பிறகு என்று விரலை மடக்கிப் பார்த்துக்கொண்டான்.

எல்லாம் முடிந்தபின், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கேட்டார்: “ஐயா, முகமூடி போடச் சொல்லி எழுதியிருக்கீங்க. சோறு திங்கிறப்போ அதைக் கழட்டி எங்க வைக்கிறது? இந்தத் தூசு மேலதான் வைக்கிறோம். பெறகு அதையே மூஞ்சில மாட்டிக்கிறோம்.”

ஆங்கிலக் கைந்நூலில் அதற்கு விடை இல்லை. மாணவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, ஆளுக்கொரு மூடுபை வாங்கி, பெயர் எழுதி, வெளித்தாழ்வாரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடலாம் என்றார். அப்பெண் கயிற்றைக் கதவுக்குக் காற்றுப் படாத பக்கத்தில் கட்டச் சொன்னார். “முகமூடியைக் கழற்றினால் உங்கள் பெயருள்ள பையில் போட்டு மூடி, வெளியே கயிற்றில் தொங்கவிடுங்கள்” என்று பதினைந்தாம் வரியை அங்கேயே எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டினேன். சரி என்றார். தாள் அன்று பின்னேரம் அச்சுக்குப் போயிற்று.